பூட்டிவைத்த பசி

மற்ற நோய்கள் பெரும்பாலும் முதலில் பசியைத்தான் கொல்லும். ஜுரம் கண்டவனுக்குக் கஞ்சியும் கசக்கிறது. காமாலைக்காரனுக்குச் சோற்றின் மணமே குமட்டுகிறது. நீரிழிவோ, தேகத்தை நாளுக்கு நாள் உருக்கிக்கொண்டே வயிற்றில் தீயை மூட்டுகிறது. உண்ட மாவுப்பொருளெல்லாம் சர்க்கரையாகி ரத்தத்தில் வந்து சேர்ந்த பிறகும், அதைத் தசைகளுக்குள் கொண்டு செலுத்தும் இன்சுலின் சுரக்காமலோ, சுரந்த இன்சுலினுக்குத் தேகம் இணங்காமலோ போய்விடுவதால், ரத்தத்தில் சர்க்கரை தேங்கி நிற்கத் தசைகள் பட்டினி கிடக்கின்றன. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரோடு வீணாக வெளியேறுகிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், அடங்காத பசி என்று இந்நோயின் குறிகளை எல்லா வைத்திய நூல்களும் ஒன்றாகவே வரிசைப்படுத்துகின்றன. ஆனால் நூலில் குறியாக எழுதப்பட்ட அந்தப் பசி, சிகிச்சை அறைக்குள் வந்ததும் நோயாளியின் குற்றமாகிவிட்டது. தாகத்துக்காகவும் சிறுநீருக்காகவும் எந்த வைத்தியரும் நோயாளியைக் கடிந்துகொண்டதில்லை. பசிக்காகவே அவரைப் பூட்டினார்கள், சோதித்தார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள். இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தச் சரித்திரத்தை அறியாமல், இன்று சர்க்கரை வியாதியோடு வாழ்கிற ஒருவர் இரவில் சமையலறைக்குப் போய் விளக்குப் போடாமல் எதையோ எடுத்துத் தின்றுவிட்டு வந்து வெட்கப்படுவதன் காரணத்தை நாம் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

நம் நாட்டுப் பண்டைய ஆயுர்வேத நூல்கள் மதுமேகத்தை நன்றாக அறிந்திருந்தன. சிறுநீர் இனிப்பதையும் அதை எறும்பு மொய்ப்பதையும் அவை கண்டன. பிறவியிலேயே வந்து உடலை இளைக்கச் செய்யும் மேகம் ஒன்று, ஊண் மிகுந்து உழைப்புக் குறைந்து பருத்த உடம்பில் வருவது மற்றொன்று என்று இரண்டு வகையாகப் பிரித்தும் வைத்தன. சரக சம்ஹிதை மேகநோயாளிக்கு யவம் எனப்படும் பார்லியையே பிரதான ஆகாரமாக விதிக்கிறது. சுசுருத சம்ஹிதையோ, பொருளில்லாத நோயாளி குடையும் செருப்பும் இல்லாமல் பிச்சை ஏற்று உண்டு நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும் என்றும், காட்டுத் தானியங்களை உண்டு வாழலாம் என்றும், கிணறு வெட்டலாம் என்றும் சொல்கிறது. கடுமையான விதிதான். ஆயினும் அதில் வயிற்றைக் காலியாக வைக்கும் யோசனை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மென்று தின்ன நேரம் பிடிக்கும் முரட்டுத் தானியத்தைக் கொடுத்து, உண்டதைச் செலவழிக்க வேலையும் கொடுத்தார்கள்.

ஐரோப்பாவில் இந்நோய்க்கு முறைப்படியான பத்தியம் எழுதிய முதல்வர் ஜான் ரோலோ என்று சொல்வது வழக்கம். 1776-இல் லிவர்பூல் வைத்தியரான மேத்யூ டாப்ஸன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டியிருந்தார். இருபது வருஷம் கழித்து, 1796-ஆம் ஆண்டு அக்டோபரில், பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் தலைமை வைத்தியராக இருந்த ரோலோவிடம், மெரெடித் என்ற காப்டன், ஒருகாலத்தில் நல்ல ஸ்தூல தேகியாக இருந்து இப்போது இளைத்துப்போனவராக வந்து சேர்ந்தார். காலையில் பாலும் சுண்ணாம்பு நீரும் கொஞ்சம் ரொட்டியும் வெண்ணெயும். நடுப்பகலில் ரத்தமும் கொழுப்பும் மட்டுமே சேர்த்துச் செய்த பண்டம். பிரதான போஜனத்துக்கு நெடுநாள் வைத்து வாடையடித்த மாமிசமும் காறிப்போன பன்றிக் கொழுப்பும், வயிறு கொள்ளும் மட்டும். இரவில் மறுபடியும் காலை ஆகாரமே என்று ரோலோ பத்தியம் எழுதினார். சர்க்கரை இரைப்பையில்தான் உற்பத்தியாகிறது, இரைப்பையின் மிதமிஞ்சிய வேகமே நோய் என்பது அவர் கொள்கை; ஆகவே அந்த வேகத்தை மந்தப்படுத்த, அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஒரு கந்தக அம்மோனியா மருந்தையும், அபினையும் கூடவே கொடுத்தார். பசியைக் கொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று வெளிப்படையாகவே எண்ணிய வைத்தியர் அவர்.

மெரெடித்துக்குச் சர்க்கரை நின்றது, அவர் தேறினார். மறு வருஷம் ரோலோ இரண்டு நோயாளிகளின் விருத்தாந்தத்தைப் புத்தகமாக வெளியிட்டபோது, இரண்டாமவரான முதிய சேனாதிபதி பத்தியத்தில் நிலைக்காமல் தவறினார் என்பதையும் எழுதினார். வைத்தியம் சரி, நோயாளிதான் சரியில்லை என்ற வாக்கியம் நீரிழிவு மருத்துவத்துக்குள் நுழைந்த இடம் இதுவென்று நான் கருதுகிறேன். காறிய கொழுப்பை ஆயுள் முழுவதும் ஒருவர் தின்ன முடியுமா என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பிரான்சில் அப்போலினேர் பூஷார்தா வேறு விதமான மனிதர். பாரிஸின் பெரிய தர்ம ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர்களுக்குத் தலைவராக இருந்த அவர், ரொட்டி இல்லாமல் பிரெஞ்சுக்காரனால் ஒரு வேளையும் உண்ண முடியாது என்பதை அறிந்து, கோதுமை மாவிலிருந்து மாவுச்சத்தைக் கழுவி நீக்கிய பசையால் ரொட்டி சுடச் செய்தார். தேகாப்பியாசத்தை மருந்துக்குச் சமமாக மதித்தார். நோயாளியே தன் சிறுநீரைத் தினமும் சோதித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். 1870-இல் ஜெர்மன் சேனை பாரிஸை முற்றுகையிட்டு, நகரத்தில் உணவு அளந்து கொடுக்கப்பட்டபோது, தம் நோயாளிகளில் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை அடியோடு மறைந்ததை அவர் கண்டார். குறைவாக உண்பது நன்மை தரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் அந்த நூற்றாண்டில் கிடைக்கவில்லை. ஆனால் முற்றுகைக் காலத்தில் ஊர் முழுவதும் பசித்திருந்தது. ஒருவரை மட்டும் தனியே பிரித்து, மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க நீ மட்டும் உண்ணாதே என்று யாரும் சொல்லவில்லை. இந்த வேற்றுமையைப் பின்வந்தவர்கள் மறந்தார்கள்.

மறந்ததன் விளைவு, பூட்டு. நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் அர்னால்தோ கந்தானி, மெல்லிய மாமிசமும் கொழுப்பும் அன்றி வேறொன்றும் தராமல், நோயாளிகளை அறைக்குள் வைத்துப் பூட்டினார். ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியர் பெர்னார்ட் நௌனின், சிறுநீரில் சர்க்கரை இல்லாத நிலை வரும்வரை, தேவையானால் ஐந்து மாதம்கூட, நோயாளியை அறையில் அடைத்துவைத்தார். இவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு மருந்தே இல்லாத காலத்தில், பத்தியம் தவறினால் உயிர் போகும் என்று கண்ணால் கண்டவர்கள். வாயைக் கட்ட முடியாதவனுக்குக் கதவைக் கட்டுவது தயை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஆயினும் கதவு திறந்த மறுநாள் அந்த நோயாளி என்ன உண்டார் என்பதைப் பற்றி அவர்களுடைய பத்தியம் எதுவும் சொல்வதில்லை.

இந்த மார்க்கத்தின் கடைசி எல்லைக்குப் போனவர் பிரெடரிக் மாடிஸன் ஆலன் என்ற அமெரிக்கர். நியூயார்க் ராக்கபெல்லர் ஸ்தாபனத்தின் ஆஸ்பத்திரியில் 1914 முதல் அவர் நடத்திய சிகிச்சை, சுருங்கச் சொன்னால் பட்டினி. சர்க்கரை நிற்கும்வரை நாட்கணக்கில் உபவாசம். அந்த நாட்களில் கறுப்புக் காப்பியும் கொஞ்சம் விஸ்கியும் மட்டும். பிறகு காய்கறி, அதுவும் மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து, இருக்கிற மாவுச்சத்தும் வடிந்துபோன காய்கறி. அதன்மேல் கிராம் கிராமாக ஏற்றிச் சர்க்கரை தென்பட்ட இடத்தில் நிறுத்தி, வாரத்துக்கொரு நாள் மறுபடியும் பூரண உபவாசம். வாலிபரும் குழந்தைகளும் ஒரு நாளைக்கு 500 கலோரிக்கும் குறைவாக உண்டு வருஷக்கணக்கில் எலும்பும் தோலுமாகக் காலம் தள்ளினார்கள். பட்டினி இல்லாவிட்டால் சில மாதங்களில் மரணம், பட்டினியோடு சில வருஷம் என்பதே அவர்கள் முன்னிருந்த தேர்வு. ஆலன் அதை மறைக்கவில்லை.

அவர் எழுதிவைத்த நோயாளி விருத்தாந்தங்களில் ஒன்றை நான் மறக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன். நீரிழிவினால் கண் பார்வையும் போய்விட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பலமில்லாமல், நம்பிக்கையான ஆட்கள் மட்டுமே நுழையக்கூடிய தனி அறையில் கிடந்தான். உணவை எவ்வளவு குறைத்தும் சிறுநீரில் சர்க்கரை நிற்கவில்லை. குருடன், எழுந்து நடக்கவும் சக்தியற்றவன், எங்கிருந்து தின்ன முடியும் என்று வைத்தியர்கள் திகைத்தார்கள். விசாரித்து, அவன் பலமுறை மறுத்து, கடைசியில் உண்மை வெளிவந்தது. பல் துலக்கக் கொடுத்த பற்பசையைத் தின்றிருக்கிறான். தனிமைக்குத் துணையாக ஒரு கேனரிப் பறவை வேண்டுமென்று கேட்டு வாங்கியிருந்தான். அதன் கூண்டுக்குள் கையை விட்டு, பறவைக்கு வைத்த தானியத்தை எடுத்துத் தின்றிருக்கிறான். ஒப்புதல் கிடைத்ததும் உணவை மேலும் இறுக்கினார்கள், பையன் பிழைக்கவில்லை. ஆலனின் நூலில் இது, நோயாளிகள் எவ்வளவு தந்திரமாக ஏமாற்றுவார்கள் என்பதற்கு எச்சரிக்கையாக இடம்பெற்றிருக்கிறது. நூறு வருஷம் தள்ளி நின்று படிக்கிற நமக்கோ, அந்தப் பக்கத்தில் ஏமாற்று எதுவும் தெரியவில்லை. ஒரு குழந்தையின் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த முயற்சிதான் தெரிகிறது.

அமெரிக்க ராஜாங்க மந்திரியாக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், இதே ஆலனின் பத்தியத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தாள். 1922 ஆகஸ்டில் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான பான்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த அவளுடைய எடை 45 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 20 கிலோ. அதே வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட இன்சுலின் அவளுக்கும் கிடைத்தது. அவள் ரொட்டி தின்றாள், வளர்ந்தாள், மணம் புரிந்தாள், 1981 வரை வாழ்ந்தாள். பட்டினி அவளை இன்சுலின் வரும்வரை தாங்கிப் பிடித்திருந்தது என்ற நியாயத்தை ஆலனுக்கு மறுக்க முடியாது.

இன்சுலின் வந்ததும் பத்தியத்தின் கொடுமை தீர்ந்தது என்று எண்ணினால் அது பாதி உண்மை. குழந்தைகளுக்குத் தீர்ந்தது. நடுத்தர வயதில், கொஞ்சம் பருத்த உடம்பில், மெல்ல மெல்ல வருகிற நீரிழிவு இருக்கிறதே, இன்று இரண்டாம் வகை என்று நாம் சொல்லுவது, அந்த நோயாளிகளின் கதை வேறு. 1936-இல் லண்டன் வைத்தியர் ஹாரல்ட் ஹிம்ஸ்வொர்த், நீரிழிவுக்காரரில் சிலருடைய தேகம் இன்சுலினுக்கு உடனே இணங்குகிறது, சிலருடையது இணங்குவதில்லை என்று பரிசோதனையால் பிரித்துக் காட்டினார். இணங்காத இந்த இரண்டாம் வகையினர் இன்சுலின் இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். ஆகவே இவர்களுக்கு வைத்தியம் என்பது பெரும்பாலும் உபதேசமாகவே நின்றது. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின், நோயாளிக்குப் போதிப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர், 1918-இல் வைத்தியரோடு நோயாளியும் படிக்கத்தக்க கைப்புத்தகம் எழுதியவர். அவருக்கு இக்காலத்து நீரிழிவுக்காரர் அனைவரும் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் அவருடைய பள்ளியில் தராசும் சிறுநீர்ச் சோதனைக் குழாயும் கூடவே ஒரு நீதிபோதனையும் இருந்தது. சர்க்கரை நின்றவன் நல்ல நோயாளி, நில்லாதவன் மனவுறுதியற்றவன். 1950-களில் மாத்திரைகள் வந்தபோதும் இந்த எண்ணம் மாறவில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, சர்க்கரையைக் குறைக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் மத்தியான ஆகாரத்தையும் தவிர்த்த ஒருவர், நாலு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளித் தின்பது மருந்தின் செயல் என்று அவருக்குச் சொல்லப்படாமல், சபலம் என்றே சொல்லப்பட்டது.

நம் சென்னைப் பட்டணத்திலும் இந்தச் சரித்திரம் அதன் நிழலை வீழ்த்தியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. அந்நாளில் சர்க்கரைக்காரர் இருந்த வசதியுள்ள வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கும், மர இடுக்கியும், பெனடிக்ட் திராவகம் என்ற நீல நீரும் இருக்கும். ஐந்து மில்லி நீல நீரில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மிகுதியானால் செங்கல் நிறமாகி அடியில் படியும். விடியற்காலையில் குழாய் சிவந்தால் வீட்டுக்குள்ளிருந்து கேள்வி வரும்: “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, அப்பா?” அவர் ஒன்றுமே சாப்பிட்டிருக்க மாட்டார். இரவெல்லாம் உண்ணாதிருந்தாலும், ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கும். நீரிழிவுக்காரருக்கு அதை அடக்கும் இன்சுலின் போதாது. ஆகையால் பட்டினி கிடந்தவருக்கும் காலையில் செங்கல் நிறம் வரலாம். திருடாமலே திருடன் பட்டம் கட்டப்பட்ட பெரியவர்கள் எத்தனை பேர் அந்தக் கொல்லைத் திண்ணைகளில் தலைகுனிந்து நின்றிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. அப்படி ஒருவர், எப்படியும் குற்றவாளிதானே என்று, மறுநாள் ஜாடியில் கையை விட்டு உண்மையாகவே கருப்பட்டியைத் தின்றுவிட்டால் அதில் வியப்பென்ன?

பத்தியமும் நாக்குக்கு அந்நியமாக இருந்தது. தஞ்சைச் சீமையில் பிறந்து மூன்று வேளையும் அரிசி உண்டு வளர்ந்தவரை, அரிசி விஷம், கோதுமை மருந்து என்று ஒரே நாளில் மாற்றினார்கள். உலர்ந்த சப்பாத்தி இரண்டை விழுங்கிவிட்டு, வீட்டார் சோறும் குழம்புமாக உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்குச் செய்த அதிரசமும் முறுக்கும் டின்னில் அடைக்கப்பட்டுப் பரணில் ஏறும். அலமாரிச் சாவி அம்மாவின் இடுப்புக்குப் போகும். நேப்பிள்ஸின் பூட்டு மயிலாப்பூரிலும் மதுரையிலும் சிறிய உருவத்தில் தொங்கியது என்றே சொல்ல வேண்டும். பெயரளவில் கோதுமைக்கும் அரிசிக்கும் பெரிய வேற்றுமை கற்பிக்கப்பட்டாலும், இரண்டும் மாவுச்சத்தே. அளவும், கூட உண்ணும் பருப்பும் கீரையுமே பலனைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் 1970-களில் நார்ச்சத்து மிகுந்த தானிய ஆகாரத்தால் சர்க்கரை குறைவதைக் காட்டினார். நம் விஸ்வநாதனும் அவருடைய சகாக்களும், பருப்பும் காயும் கீரையும் தாராளமாகச் சேர்ந்த, தென்னாட்டார் நாக்குக்கு இசைந்த ஆகாரத்தையே 1980-களின் ஆரம்பத்தில் முறைப்படுத்தி வெளியிட்டார்கள். நோயாளியைத் தம் ஊர்ப் பந்தியிலிருந்து எழுப்பாமல் சிகிச்சை செய்ய வழி தேடிய அந்த முயற்சிக்கு உரிய கௌரவம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பசியைப் பற்றிய உண்மை, வியப்பாக, நீரிழிவுச் சிகிச்சைக்கு வெளியே கிடைத்தது. யுத்தத்தால் பஞ்சப்பட்ட ஐரோப்பாவை எப்படித் தேற்றுவது என்று அறிய, மின்னெஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ், 1944 நவம்பரில், ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 வாலிபர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கினார். எல்லாரும் திடகாத்திரர், பிறருக்காகப் பசித்திருக்கத் தாமே முன்வந்த உத்தம குணத்தினர். ஆறு மாத காலம் பாதி வயிற்றுக்கு உண்டு, எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்களுடைய பேச்சு முழுவதும் உணவாயிற்று. சமையல் புத்தகங்களைச் சேகரித்து, காதற் கதைபோல் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஓயாமல் சூயிங்கம் மென்றார்கள், ஒருசிலர் ஊருக்குள் போனபோது கட்டை மீறித் தின்றுவிட்டு அழுதார்கள். கட்டுப்பாடு நீங்கியதும், வயிறு வெடிக்கும்வரை உண்டும் திருப்தி வராமல், வாரக்கணக்கில் தின்றுகொண்டே இருந்தவர்களும் உண்டு. 1950-இல் கீஸ் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்ட நூலைப் படிக்கிறவர்களுக்கு, ஆலனுடைய நோயாளிகளை மறுபடியும் சந்திப்பதுபோல் இருக்கும். ஆனால் இவர்களுக்கு நீரிழிவு இல்லை, இவர்களை மனவுறுதியற்றவர்கள் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது.

இதன் பிறகுதான் வைத்தியர்கள் வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கினார்கள். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனோவைத்தியர், பகலெல்லாம் ஒழுங்காயிருந்து இரவில் விழித்து உண்பவர்களை 1955-இலும், சிறிது நேரத்தில் அளவு தெரியாமல் தின்று பின் வேதனைப்படுபவர்களை 1959-இலும் விவரித்தார். அவ்வழக்கங்களை வியாதியாகக் கண்டார், ஒழுக்கக் கேடாகக் காணவில்லை. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபொரா மாக்கும் மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் மில்க்‌ஷேக் குடிக்கச் செய்து, பிறகு ருசி பார்க்கவென்று ஐஸ்கிரீமைத் தாராளமாக முன்வைத்தார்கள். சாதாரணமாக உண்கிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். எப்போதும் வாயைக் கட்டி வாழ்கிறவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பின் அதிகம் தின்றார்கள். ஆனது ஆயிற்று, விரதம் முறிந்துவிட்டது, இனி நாளையிலிருந்து பார்க்கலாம் என்ற அந்த மனநிலையை நம் வீட்டுச் சர்க்கரைக்காரர் யாரைக் கேட்டாலும் விளக்குவார். ஒரு ஜிலேபியில் நிற்க வேண்டியது ஒரு பொட்டலத்தில் போய் நிற்பது இதனால்தான். முழுத் தடை எவ்வளவு கடுமையோ, அது உடையும்போது விழும் பள்ளமும் அவ்வளவு ஆழம். அடங்காத் தீனி என்னும் இக்கோளாறுக்கு 2013-இல் அமெரிக்க மனோவைத்திய சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடம் கிடைத்தது. பூட்டுக்கும் கடிந்துரைக்கும் பதிலாகப் பேச்சுமுறைச் சிகிச்சைகள் இதற்கு உண்டு. வேளை தவறாமல் உண்ணுதலே அவற்றின் முதல் பாடம். மூன்று வேளையும் நேரத்துக்கு, புரதமும் நாரும் சேர்த்து உண்கிறவருக்கு மாலை நாலு மணியின் வெறி தணிகிறது என்பது எளிய விஷயமாகத் தோன்றினாலும், அதை நோயாளியிடம் சொல்ல வைத்தியத்துக்கு வெகுகாலம் பிடித்தது.

அதே காலத்தில் பசியின் ரசாயனமும் தெரியவந்தது. கொழுப்பிலிருந்து சுரந்து போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 1994-இலும், வெறும் வயிற்றிலிருந்து சுரந்து வேண்டும் என்று சொல்லும் கிரெலின் 1999-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. எடை குறைந்தால் முன்னது தாழ்கிறது, பின்னது ஏறுகிறது. இளைத்தவருடைய பசி பெருகுவது உடம்பின் நியதி. அமெரிக்கப் பாலைவனத்து விஷப் பல்லி ஒன்றின் உமிழ்நீரிலிருந்து அறியப்பட்ட ஒரு பொருளைக் கொண்டு, குடலின் திருப்திச் சுரப்பைப் போன்ற ஓர் ஊசிமருந்து 2005-இல் நீரிழிவுக்கு வந்தது. அதன் வழித்தோன்றல்களைப் போட்டுக்கொள்ளும் பலர், நாள் முழுவதும் உணவையே எண்ணிக்கொண்டிருந்த மனம் அமைதியானதாகச் சொல்கிறார்கள். பல வருஷம் அந்த இரைச்சலைத் தம் பலவீனம் என்று எண்ணிக் குமுறியவர்கள் அவர்கள். விலையும் பக்க விளைவுகளும் காரணமாக எல்லாருக்கும் அம்மருந்து ஏற்றதாகாது. ஆயினும் அது வெளிப்படுத்திய உண்மை, மருந்து வாங்க முடியாதவருக்கும் உரியது.

கடைசியாக ஒரு விசித்திரம். ஆலனின் குறைந்த கலோரி உணவே, இரண்டாம் வகை நீரிழிவுக்கு, நூற்றாண்டு கழித்து வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ராய் டெய்லர், கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்தால் இந்நோய் பின்வாங்கும் என்று 2011-இல் பதினொரு பேரிடம் காட்டினார். அவரும் மைக் லீனும் ஸ்காட்லாந்திலும் டைன் நதிக்கரையிலும் நடத்திய பெரிய சோதனையில், நோயாளிகள் தாமே இசைந்து, தினம் 825 முதல் 853 கலோரி கொண்ட கரைசல் உணவை மூன்று மாதமோ சற்று அதிகமோ உண்டு, பிறகு படிப்படியாக வீட்டு உணவுக்குத் திரும்பினார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். இந்நோய் கண்டு நெடுங்காலமான பலருக்கு இந்த அளவு பலன் கிட்டாது என்பதும், மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது என்பதும் கூடவே சொல்ல வேண்டியவை. கலோரி எண்ணிக்கையைப் பார்த்து ஆலனே திரும்பி வந்தார் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சிகிச்சையில் காலம் குறுகியது, கதவு திறந்திருந்தது, மாதந்தோறும் பேசப் பயிற்சி பெற்ற செவிலியோ உணவு ஆலோசகரோ இருந்தார். எடை மறுபடியும் ஏறினால், ஏறிய அளவுக்குத் தக்கபடி சில வாரம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கரைசல் உணவு என்று, நோயாளி தவறப்போகும் இடத்தைச் சோதனை தொடங்கும் முன்பே எதிர்பார்த்து, அதற்கான உதவியையும் சிகிச்சைத் திட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள்.